பேய்ச்சோம்பின் புள்ளிகள்

மே 3

அண்ணிக்கு,

மருந்துச் செடிப் புத்தகத்தின் மூன்றாம் பாகம் நேற்றுத் தபால் வண்டியில் வந்தது. நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கும் அது தேவைப்படாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முகப்பைத் திறந்ததும் "படங்களை வரைந்து செதுக்கியவர்" என்று என் அண்ணன் பெயர் இருக்கிறது. அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்தப் பாகத்தின் பதினான்கு படங்களில் ஒன்றையாவது அவர் தொட்டதுண்டா? செடியைத் தேடிச் சேற்றில் இறங்கியவள் நான். வரைந்தவள் நான். ஒவ்வொரு படத்துக்கும் நீலத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என மூன்று செப்புத் தகடுகளைச் செதுக்கி, பிள்ளையைச் சுற்றுவது போலக் கம்பளியில் சுற்றி உங்களுக்கு அனுப்பியவளும் நான்தான். நீங்கள் செய்ததெல்லாம் மை தடவி உருளையைச் சுற்றியது. முதல் பாகத்தில் அவர் பெயர் வந்தது, சரி. இரண்டாம் பாகத்தில் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதிலும் என்றால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் அண்ணி.

நீங்கள் மறந்துபோனதாகச் சொல்வீர்கள். உங்களுக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணம் நின்றுபோன தேதி வரைக்கும் நினைவு வைத்திருப்பவர் நீங்கள்.

(இப்படியே மூன்று பக்கம் எழுதினேன். கிழிக்கவில்லை. இத்துடன் வருகிறது. படியுங்கள்.)

இன்னொன்று. முப்பத்தொன்றாம் படம், பேய்ச்சோம்பு. அதன் தண்டு வெறும் பச்சையாக விழுந்திருக்கிறது. சிவப்புத் தகட்டில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் குத்தியிருந்தேன். நீலத்தின் மேல் சிவப்பு விழுந்து அவை ஊதாவாகத் தெரிய வேண்டும். எங்கே போயின? முப்பதாம் படத்தில் இருக்கும் காட்டுச்சோம்பு வயிற்றுக்கு மருந்து. பேய்ச்சோம்பு ஆளையே முடித்துவிடும். இலையும் பூவும் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்டில் இருக்கும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். உடனே கவனிக்கவும்.

ஊசி


மே 12

ஊசிக்கு,

உன் அண்ணன் தெரிந்துதான் உனக்கு ஊசி என்று பெயர் வைத்தார்.

உன் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் உன் பெயரைப் பற்றி. மீதி அரைப் பக்கம் ஒரு செடியைப் பற்றி. உனக்கு எது பெரிது என்று கண்டுபிடிக்க நான் வைத்தியத்துக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

புள்ளிகளை நான்தான் அழித்தேன். காரணம் கேள். தாளை நனைத்து நீலம் அடிக்கிறோம், பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. அதற்குள் தாள் காய்ந்து சுருங்கிவிடுகிறது. உன் புள்ளிகள் தண்டில் விழாமல் பக்கத்து வெற்றிடத்தில் விழுந்தன. செடிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. புத்தகக் கடைக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, செடியச் சுத்தி ஈ மொய்க்குதா?" என்று கேட்டார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மூன்று தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த மூலைகளில் போடும் ஊசித் துளைகளை நீ சரியாகப் போடவில்லை, அதனால் வந்த வினை. வேறு வழியில்லாமல் சிவப்புத் தகட்டில் அந்த இடத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டேன். தண்டில் புள்ளி உண்டு என்று புத்தகத்தை எழுதிய வைத்தியர் விளக்கத்தில் சொல்லியிருக்கிறார். கண் இருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பெயர் விஷயம். நானூறு பேர் இந்தப் புத்தகம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது உன் அண்ணன் கைக்காக. மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாத்தனாருக்காக இல்லை.

அண்ணி


மே 20

அண்ணிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் துளைகளில் மயிரிழை பிசகினாலும் அண்ணன் தகட்டை முகத்தில் விட்டெறிந்திருப்பார். அவரே ஒருமுறையும் குறை சொன்னதில்லை.

அண்ணன் கை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கை? கடைசி மூன்று வருடம் அந்தக் கையால் கஞ்சிக் கிண்ணத்தைக்கூடச் சிந்தாமல் தூக்க முடியவில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உலகத்துக்குத்தான் தெரியாது.

வைத்தியரின் எழுத்தைப் படித்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அந்த மனிதர் ஒரு செடிக்கு மூன்று பக்கம் எழுதுகிறார், புள்ளி வருவது மூன்றாம் பக்கத்தின் அடியில். சரி, அதையாவது கொடுக்கிறீர்களா? படங்களை மட்டும் உதிரித் தாளாகச் சந்தையில் விற்கிறீர்களாமே. இங்கே வரும் துணி வியாபாரி சொன்னார். சுவரில் ஒட்ட அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்களாம். படிக்கத் தெரியாதவர்கள் அண்ணி, படத்தைப் பார்த்தே செடி பறிப்பவர்கள்.

இங்கேயே பாருங்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மருத்துவச்சி வீட்டுச் சுவரில் முப்பதும் முப்பத்தொன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அந்தத் தாளை நான் கை வைத்துத் திருத்தவில்லை. அப்படியே எடுத்து வந்து அச்சுக்காரர் சங்கத்தின் முன் விரிக்கப் போகிறேன். இவர்தான் பொறுப்பில்லாமல் அச்சடித்தவர், இவர்தான் செதுக்கியவளின் பெயரை மறைத்தவர் என்று உங்களைக் காட்டப் போகிறேன். அடுத்த மாதம் சங்கம் கூடுகிறது. அதற்குள் உதிரித் தாள் விற்பதை நிறுத்துங்கள். நானே வந்து தகட்டைத் திருத்துகிறேன்.

ஊசி


மே 27

நீ வராதே. வந்தால் வாசலில்தான் நிற்பாய்.

கை நடுங்கத் தொடங்கிய அன்றைக்கு உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கினார். "நான் செத்தப்புறமும் இது வெளிய தெரியக் கூடாது. தங்கச்சிக்குக்கூட நான் கெஞ்சினேன்னு தெரியக் கூடாது" என்றார். முப்பது வருடம் அந்தக் கையை நம்பி வாழ்ந்த மனிதர். அவர் பெயர் முகப்பில் இருப்பது அதனால்தான். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. சங்கத்தின் முன் விரிக்கும்போது இதையும் சேர்த்து விரி. செத்தவரின் நடுங்கும் கையை நாலு பேருக்கு முன்னால் ஆட்டிக் காட்டு.

உதிரித் தாள் என் அச்சகத்தில் அடித்தது. யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம்.

அண்ணி


ஜூன் 14

அண்ணிக்கு,

மருத்துவச்சி இறந்துவிட்டாள்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எழுதி முடிக்கும்போது திட்டியிருந்தால் அது என் பழக்கம்.

அவளுக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு வருடம். செடி பறித்து வருவது அவள் தங்கை. அந்தப் பெண் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துப் பார்த்துச் செடிகளைக் கற்றுக்கொண்டாள். போன செவ்வாய்க்கிழமை, பிள்ளை பெற்ற ஒருத்திக்கு வயிற்று உப்புசம் என்று ஆள் வந்தது. தங்கை போய் ஓடைக்கரையிலிருந்து ஒரு கட்டுப் பறித்து வந்தாள். மருத்துவச்சிக்கு அந்த வாரம் சளி, மூக்கு அடைத்திருந்தது. இல்லாவிட்டால் இலையைக் கசக்கியதுமே எலி மூத்திர வாடையை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள். கஷாயம் வைத்தார்கள். எந்த மருந்தையும் தான் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான், அன்றைக்கும் அப்படித்தான் குடித்தாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள். "கால் எங்கயோ போயிடுச்சு, தேடிப் பாரு" என்று சிரித்தாள். பாதத்தைக் கிள்ளினேன். தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முழங்கால் தெரியவில்லை. புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. அடுப்பில் இருந்ததைக் கொட்டச் சொன்னாள். பாத்திரத்தை மூன்று முறை தேய்க்கச் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஒத்தடம் போதும் என்று சொல்லியனுப்பினாள். அப்புறம் மூச்சு இழுக்க முடியாமல் போய்விட்டது. வெயில் இறங்குவதற்குள் முடிந்தது.

தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "பேய்ச்சோம்பு படத்துல புள்ளியே இல்ல. நான் பறிச்சதுல புள்ளி இருந்துச்சு. அப்ப இது பேய்ச்சோம்பு இல்லன்னு நம்பிட்டேன்." படம் அவளை எச்சரிக்காமல் விட்டது மட்டுமில்லை அண்ணி. படமே அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறது.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அந்தத் தாள்களை மருத்துவச்சிக்குக் கொடுத்தவள் நான். ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய மாதிரித் தாள்களை, நம் வேலை என்ற பெருமையில் சரியாகப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்தேன். புத்தகம் வந்த பிறகு தவறு தெரிந்தது. அன்றைக்கே போய், "அக்கா, முப்பத்தொண்ணுல தண்டு தப்பா விழுந்திருக்கு" என்றேன். "எனக்குத் தெரியாத செடியா?" என்றாள். தங்கை அப்போது கிணற்றடியில் இருந்தாள். கூப்பிட்டுச் சொல்லவில்லை. என்னிடம் தூரிகை இருக்கிறது, ஊதா மை இருக்கிறது. நின்ற இடத்திலேயே புள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சங்கத்தின் முன் விரிக்க அந்தத் தாள் பிழையோடு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கம் நேற்றுக் கூடியிருக்கும். நான் போகவில்லை.

ஊசி


ஜூன் 22

ஊசிக்கு,

கடிதத்தைப் படித்த அன்றைக்கு அச்சை நிறுத்தினேன். இன்னும் ஓட்டவில்லை.

உதிரியாக விற்ற முப்பத்தொன்றாம் தாள் தொண்ணூறு. சந்தையில் படம் விற்பவனிடம் நாற்பத்திரண்டு மிச்சம் இருந்தது, பிடுங்கி வந்தேன். மற்றவற்றுக்கு வீடு வீடாக ஏறி இறங்கினேன். சவரக் கடையில் ஒன்று, சோப்பு காய்ச்சுபவர் அடுக்களையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இரண்டு. ஒரு அம்மாள் தரவே மாட்டேன் என்றாள். "பச்சையா, குளுகுளுன்னு இருக்கு. இதுல என்னம்மா தப்பு?" என்று கேட்டாள். இந்தப் படம் ஒரு உயிரை எடுத்துவிட்டது என்றேன். கையிலிருந்து நழுவவிட்டாள். எழுபத்தொன்று திரும்பிவிட்டன. பத்தொன்பது எங்கே என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பத்தொன்பது சுவர்கள்தான் தெரிகின்றன. புத்தகம் வாங்கிய நானூறு பேருக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஒரு தூரிகை, ஒரு சொட்டு மை. என்னைக் கூண்டில் ஏற்றும் ஆசையில் ஒரு குருடியின் வீட்டில் விஷத்தைத் தொங்கவிட்டிருக்கிறாய். நான் முட்டாள்தனத்தால் செய்தேன். நீ தெரிந்தே செய்தாய்.

இப்படி எழுதிவிட்டு மூன்று நாள் வைத்திருந்தேன். அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் முட்டாள்தனம் என்பது பொய்.

உன் தகட்டில் பிழை இல்லை. துளைகள் அச்சுப் பிசகாமல் இருந்தன. எனக்குத்தான் மூன்றாவது தகட்டைப் பொருத்தத் தெரியவில்லை. உன் அண்ணன் இருந்தவரை தாளின் ஈரம் பார்த்தது அவர்தான். ஊசி பிடிக்க முடியாத அந்தக் கை, தாளைத் தொட்டதும் "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லும். அவர் போன பிறகு நானே பார்த்தேன். தாள் தாளாக வீணாய்ப் போயிற்று. கடைக்காரர் சிரித்த அன்றைக்கு, "அவ புருஷன் இருந்தா இப்படி வருமா?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது காதில் விழுந்தது. வந்ததும் தகட்டைத் தேய்த்தேன். அந்தப் புள்ளிகள் எதற்கு என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அதை அறிந்தேதான் தேய்த்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்வதைவிட, செடிக்குப் புள்ளியே வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

உனக்கு இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

புதிய சிவப்புத் தகடு இத்துடன் வருகிறது. நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். இந்த முறை ஆழமாகக் குத்தியிருக்கிறேன், தேய்க்க நினைத்தாலும் முடியாது.

ஈரம் பார்ப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. அண்ணன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கலாம், கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நீலம் அடித்ததும் தாளை வெளியே பரப்பாதீர்கள். நனைத்துப் பிழிந்த துணிகளுக்கு நடுவே அடுக்கி, மேலே பலகை வைத்து மூடுங்கள். சிவப்பு அடித்து முடிக்கும் வரை எந்தத் தாளும் காற்றைப் பார்க்கக் கூடாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. அவ்வளவுதான்.

தாளோடு ஒரு பிழைக் குறிப்பும் போக வேண்டும். வாசகத்தை நான் எழுதியிருக்கிறேன்: "முப்பத்தொன்றாம் படத்தில் தண்டின் புள்ளிகளை அழித்தவர் அச்சகத்தார். அதை அறிந்தும் திருத்தாமல் விட்டவர் படத்தைச் செதுக்கியவர். இதனால் ஒரு மருத்துவச்சி உயிரிழந்தார்." கீழே உங்கள் பெயர், என் பெயர். வைத்தியர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. முகப்பில் அண்ணன் பெயர் அப்படியே இருக்கட்டும், இந்த ஒரு படம் மட்டும் என் கணக்கில். அவர் கையைப் பற்றி நான் யாரிடமும் பேசப் போவதில்லை.

நீங்கள் என்னை மன்னிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டேனா? நானும் உங்களை மன்னிக்கவில்லை. கணக்கு நேர்.

மருத்துவச்சியின் தங்கையைப் பார்க்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதவு முகத்தில் அறைந்தது. சுவரில் இருந்த படங்களை எல்லாம் கிழித்துவிட்டாளாம். இப்போது செடி பறிக்கவே போவதில்லையாம். அந்தத் தெருவில் இந்த மாதம் இரண்டு பிரசவம் இருக்கிறது.

ஊசி


ஜூலை 19
தபால் வண்டிச் சத்திரம்

ஊசிக்கு,

தலைப்பைப் பார். உன் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். உன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் திரும்பினேன். ஜன்னல் ஓரத்தில் நீ குனிந்து ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தாய். கதவைத் தட்டவில்லை. தட்டினால் சண்டைதான் போட்டிருப்போம். வண்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

புள்ளிகள் விழுந்துவிட்டன. ஈரத் துணி வேலை செய்தது. முதல் முப்பது தாள் குப்பைக்குப் போனது, முப்பத்தொன்றாவதில் ஒவ்வொரு புள்ளியும் தண்டுக்குள் போய் உட்கார்ந்தது. தனியாக நின்று வெகுநேரம் பார்த்தேன். நன்றி சொல்லமாட்டேன்.

பிழைக் குறிப்பு நீ எழுதியபடியே நானூறு பேருக்கும் போய்விட்டது. வைத்தியர் வந்து குதித்தார். புத்தகம் வேண்டாம் என்று ஐம்பத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். சங்கத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், போவேன்.

புதிய தாளோடு மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். என்னை யார் என்று தெரியாததால் தங்கை கதவைத் திறந்தாள். சின்னப் பெண்தான். முப்பதுகூட இருக்காது. நான் தாளை விரித்தேன். அவள் விரல் நேராகத் தண்டின் புள்ளிகளுக்குப் போனது.

"இதை யார் அச்சடிச்சது?" என்றாள்.

"நான்தான். முதல்ல புள்ளி இல்லாம அடிச்சதும் நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். இந்த வயதில் அந்த ஓடைக்கரையில் இறங்கினேன், முழங்கால் வரை சேறு. அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஒவ்வொரு செடியாகத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இலை, பூ, தண்டு. சிலதைத் தாண்டிப் போனாள். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். உயரமான செடி, தண்டு முழுக்க ஊதாத் தெறிப்பு. நீ குத்தியது போலவே இருந்தது, அதில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இதுதானே?" என்றாள்.

"இதுதான்."

என்ன நினைத்தேனோ, நானும் கை நீட்டி அந்தத் தண்டைப் பிடித்தேன். வருடக்கணக்கில் அச்சடித்திருக்கிறேன், ஒரு செடியையும் தொட்டதில்லை. வழவழவென்று, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. ஒடிந்து சாறு விரலில் வழிந்தது. அவள் மற்றவற்றை வேரோடு பிடுங்கிக் குவித்தாள். கரையில் அந்த ஒரு பக்கம் முழுவதையும் பிடுங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அதைத் தருவாளா, வைத்துக்கொள்வாளா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கிளம்பத் திரும்பினேன். "நில்லுங்க" என்றாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"கையக் கழுவுங்க. அந்தச் சாறோட வாயில வெச்சுடாதீங்க."

கழுவினேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"போதாது. இன்னொரு தடவை" என்று மறுபடியும் ஊற்றினாள்.

வண்டி வந்துவிட்டது.

அண்ணி